நூற்று இருபத்தெட்டு நாட்கள்

என் தம்பி மகளின் கணக்கை நவம்பர் முதல் தேதி பூட்டினார்கள். அன்று மாலை சாப்பாட்டு மேஜையில் அந்தச் சட்டத்துக்காகப் பரிந்து பேசிய ஒரே ஆள் நான்தான்.

சட்டம் சிக்கலானதல்ல. பதினாறு நிறையாத பிள்ளைகள் சமூக வலைத்தளங்களில் கணக்கு வைத்திருக்கக் கூடாது. ஏற்கெனவே வைத்திருப்பவர்கள் வயதை நிரூபிக்க வேண்டும். முதலில் போன் கேமராவுக்கு முகத்தைக் காட்ட வேண்டும்; அது வயதைக் கணித்துச் சொல்லும். கணிப்பு பதினாறை ஒட்டி வந்தால் பிறப்புச் சான்றிதழ் எண்ணைத் தர வேண்டும். அதில் வயது குறைந்தால் கணக்கைப் பூட்டித் தொண்ணூறு நாள் வைத்திருந்து, பிறகு எல்லாவற்றையும் அழித்துவிடுவார்கள்.

எங்கள் பெண்ணின் முகத்தைப் பார்த்துவிட்டு இயந்திரம் பதினாறிலிருந்து பதினெட்டு என்றது. சான்றிதழ் பதினைந்தும் ஏழு மாதமும் என்றது. சான்றிதழ் ஜெயித்தது.

"மெஷினுக்கே தெரியுது பெரியப்பா, நான் பெரிய பொண்ணுன்னு. பேப்பருக்குத்தான் தெரியல."

"உன் மூஞ்சில தேதி எழுதி ஒட்டியிருக்கா? சட்டம்னா எங்கயாவது ஒரு கோடு போட்டாகணும். ஒரு நாள் குறைஞ்சாலும் கோட்டுக்கு இந்தப் பக்கம்தான்."

நான் முப்பத்து நான்கு ஆண்டுகள் எடையளவு ஆய்வாளராக இருந்தவன். கடைகளின் தராசுகளைச் சோதித்து முத்திரை வைப்பதும், சரியில்லாததைப் பறிமுதல் செய்வதும் வேலை. நான் தெருமுனையில் திரும்பும்போதே கடைக்காரர்கள் எடைக்கற்களைத் துடைக்க ஆரம்பிப்பார்கள் என்று என்னைக் கேலி செய்வார்கள். அந்தக் கேலியை நான் குறைச்சலாக நினைத்ததில்லை. பத்து கிராமுக்காக என் சொந்த மைத்துனரின் கடைத் தராசையே தூக்கிக்கொண்டு வந்தவன் நான்.

கோட்டைப் பற்றி நான் பேசி முடித்தபோது தம்பி தட்டைப் பார்த்தபடி இருந்தான். அவன் மனைவி எழுந்துபோய், நிறைந்திருந்த தண்ணீர்க் குடுவையை எடுத்து மறுபடி நிரப்பினாள். இருவரும் ஏன் அப்படிச் செய்தார்கள் என்பது எனக்குத் தெரியும். அதை இப்போதே சொல்லிவிடுவதுதான் முறை.

அந்தச் சான்றிதழில் இருக்கும் தேதி பொய். அதைச் சொன்னவன் நான்.

தம்பியின் கல்யாணம் மே மாதம் ஒன்பதாம் தேதி நடந்தது. குழந்தை அதே வருடம் நவம்பர் பதினான்காம் தேதி காலையில் பிறந்தது. ஆறு மாதமும் ஐந்து நாளும். விரல்விட்டு எண்ணத் தெரிந்த யாருக்கும் விஷயம் புரிந்துவிடும். எங்கள் உறவில் அப்படி எண்ணுவதையே வேலையாக வைத்திருப்பவர்கள் நிறைய. அப்போது தம்பி வேறு ஊரில் கண்ணாடி லென்ஸ் தேய்க்கும் தொழிற்சாலையில் இருந்தான். வாடகை வீட்டிலேயே, ஒரு செவிலியின் உதவியோடு பிரசவம் நடந்தது. வீட்டில் பிறந்த குழந்தை என்றால் குடும்பத்தில் மூத்தவர் ஒருவர் பதிவு அலுவலகத்தில் போய்ச் சொல்லிக் கையெழுத்துப் போட்டால் போதும் என்று அந்தக் காலத்து விதி. நான் மார்ச் மாதம் வரை காத்திருந்தேன். பிறகு போய், மார்ச் இருபத்திரண்டு என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டேன். கல்யாணத்திலிருந்து பத்து மாதமும் பதின்மூன்று நாளும். யாரும் வாயைத் திறக்க முடியாத கணக்கு. உண்மையிலிருந்து நூற்று இருபத்தெட்டு நாள் தள்ளி.

ஜூன் மாதக் கடைசியில் குழந்தையை இங்கே கொண்டு வந்தபோது காகிதப்படி அதற்கு மூன்று மாதம். உண்மையில் ஏழு மாதம் முடிந்திருந்தது. என் அக்கா மடியில் வாங்கி வைத்துக்கொண்டு அசந்துபோனாள்.

"என்னடா இது, மூணு மாசத்துல உக்காருது? ஐயோ, கீழ ரெண்டு பல்லு வேற!"

"நம்ம வம்சம் அப்படி" என்றேன்.

அவ்வளவுதான். அக்கா அதைப் பிடித்துக்கொண்டாள். அந்த நவம்பரில் குழந்தை நடக்க ஆரம்பித்ததும், எட்டு மாதத்தில் நடந்த குழந்தை என்று மூன்று தெருவுக்குச் செய்தி போனது. எதிலும் முந்திக்கொள்கிறாளே என்று முந்திரிக்கொட்டை என்று அவளுக்குப் பெயர் வைத்ததும் அக்காதான். அது சுருங்கி முந்திரியானது. இன்றுவரை வீட்டில் அந்தப் பெயர்தான்.

நான் வருந்தவில்லை. ஒரு குடும்பத்தின் பெயர் கெட்டுப்போக ஒரு மதியம் போதும் என்று எனக்குத் தெரியும். அதைக் காப்பாற்ற ஒரு கையெழுத்து ஆனது. அது யாருடைய பையிலிருந்தும் எதையும் எடுக்கவில்லை. பதினாறு வருடம் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

முந்திரிக்கு அந்தக் கணக்கில் என்ன இருந்தது என்பதைப் பூட்டிய பிறகுதான் நான் கேட்டேன். ஆட்டம் பாட்டமாக இருக்கும் என்று எண்ணியிருந்தேன். ஒரு படக்கதை. அவளும், நான்கு வருடம் முன்பு பெற்றோரோடு வெளிநாடு போய்விட்ட அவளுடைய தோழியும் சேர்ந்து வரைவது. ஓர் அரசு அலுவலகச் சுவரில் இருக்கும் பல்லிதான் உண்மையில் அங்கே மேலாளர். மனிதர்களுக்கு அது தெரியாது. ஒரு கட்டம் இவள் வரைவாள், அடுத்த கட்டம் அவள். முந்நூற்றுப் பன்னிரண்டு பக்கம் ஆகியிருந்தது. எல்லாம் அந்தக் கணக்கில்தான்.

"முன்னாடியே இறக்கி வெச்சிருக்கலாமே?"

"அதுக்கு ஒரு வாரம் டைம் குடுத்திருந்தாங்க பெரியப்பா. அந்த மெயில் அப்பாவோட பழைய ஐடிக்குப் போயிருக்கு. அப்பா அதைத் திறந்து மூணு வருஷமாச்சு."

"கடையில கண்ணாடி விக்கறவன், கண்ணு முன்னாடி இருக்கறதைப் பாக்க மாட்டான்" என்றேன். தம்பி இப்போது இங்கேயே சொந்தமாகக் கண்ணாடிக் கடை வைத்திருக்கிறான்.

ஜனவரி முப்பதோடு தொண்ணூறு நாள் முடியும். காகிதப்படி மார்ச்சில்தான் பதினாறு. அவள் சுவரில் நாட்காட்டியை மாட்டி ஒவ்வொரு நாளாக அடித்துக்கொண்டு வந்தாள். நான் மேலே சாப்பிடப் போகும்போதெல்லாம் அது கண்ணில் படும். என் மனைவி போனபிறகு கீழ் வீட்டில் தனியாக இருக்கிறேன். சாப்பாடு மட்டும் தம்பி வீட்டில்.

நவம்பர் பதினான்காம் தேதி பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அவள் நேராகக் கீழே என்னிடம் வந்தாள். பையைக்கூட இறக்கவில்லை. கையில் தம்பியின் போன். பெரியவர்களின் கணக்கிலிருந்து பார்த்தால் பூட்டிய பக்கங்கள் மங்கலாகவாவது தெரியுமாம். தினமும் அதைப் பார்க்க அப்பாவின் போனை வாங்கிக்கொள்வாள்.

"பெரியப்பா, ஒண்ணு கேட்டா மறைக்காம சொல்லுவீங்களா?"

"நான் என்னிக்கு மறைச்சேன்?"

"எனக்கு ஒரு அக்கா இருந்தாளா?"

போனை நீட்டினாள். 'பதினாறு ஆண்டுகளுக்கு முன் இதே நாளில்' என்று மேலே எழுதியிருந்தது. கீழே ஒரு படம். துணியில் சுற்றிய பச்சைக் குழந்தை. அதை ஏந்திக்கொண்டு நான். படத்துக்கு மேலே தம்பி எழுதிய ஒரே வார்த்தை: 'வந்துட்டா.'

அன்றைக்கே அதை எடுக்கச் சொல்லி அவனைத் திட்டியிருந்தேன். எடுத்துவிட்டேன் என்றான். எடுக்கவில்லை, தான் மட்டும் பார்க்கும்படி வைத்துக்கொண்டிருக்கிறான். அந்த வலைத்தளம் அவன் பேச்சை நம்பி மறைத்து வைத்தது. ஆனால் தேதியை மறக்கவில்லை.

"நான் மார்ச்சுல பொறந்தேன். அதுக்கு நாலு மாசம் முன்னாடி ஒரு பாப்பா இருக்கு. அது நான் இல்ல. நாலு மாசத்துல எப்படி ரெண்டு பாப்பா வரும்னு யோசிச்சேன். பெரியம்மாவோட பாப்பாவா? உங்களுக்கு ஒரு பொண்ணு இருந்து... இல்ல அப்பா அம்மா எடுத்து வளர்த்த பாப்பாவா? இல்ல என்னைத்தான் எடுத்து வளர்த்தாங்களா?" அவள் குரல் உடைந்தது. "நீங்க இதுல சிரிக்கிறீங்க பெரியப்பா. நீங்க போட்டோவுல சிரிச்சு நான் பார்த்ததே இல்ல. அவ்ளோ பிடிச்ச பாப்பா எங்க போச்சு?"

என் தம்பிக்கோ அவன் மனைவிக்கோ போகாமல் அவள் என்னிடம் வந்தது, இந்த வீட்டில் அப்படித்தான் பழக்கம் என்பதால். பெரிய விஷயம் எதுவானாலும் கீழே வரும். அந்தப் பழக்கத்தை ஏற்படுத்தியவன் நான்.

'பக்கத்து வீட்டுக் குழந்தை' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். 'போயிடுச்சும்மா' என்று சொல்லியிருந்தால் அதைவிடச் சுலபமாக முடிந்திருக்கும். இறந்த குழந்தையைப் பற்றி யாரும் மேலே கேட்க மாட்டார்கள். இரண்டும் என் தொண்டைவரை வந்தன. இரண்டையும் நான் சொல்லவில்லை. ஆனால் இல்லை என்றும் சொல்லவில்லை. தலையைக் குனிந்துகொண்டேன்.

அவள் அதைப் பதிலாக எடுத்துக்கொண்டாள். என் தோளில் கையை வைத்து, "பரவால்ல பெரியப்பா, சொல்ல வேணாம்" என்றாள். போய்விட்டாள்.

மறுநாள் அவள் சாப்பிடவில்லை. தலைவலி என்றாள். அதற்கு அடுத்த நாள் நான் மேலே போனபோது அவள் மேஜையில் ஒரு தாள் இருந்தது. அந்தப் படத்தைப் பார்த்துப் பென்சிலில் வரைந்திருந்தாள். துணிச் சுற்று, மூடிய கண், முஷ்டி. கீழே, 'அக்கா' என்று எழுதி, பெயருக்கு ஒரு கோடு போட்டுக் காலியாக விட்டிருந்தாள்.

"அவளுக்குப் பேர் வெச்சீங்களா?" என்று மெதுவாகக் கேட்டாள். அம்மா காதில் விழக் கூடாது என்று கதவைப் பார்த்துக்கொண்டாள். என் தம்பி மனைவியின் துக்கத்தைக் கிளறிவிடக் கூடாதாம்.

உயிரோடு எதிரே உட்கார்ந்திருக்கும் பெண்ணை நான் கொன்றுவிட்டேன். அவள் தனக்காகவே அழுதுகொண்டிருக்கிறாள். அதைப் பார்த்த பிறகு என்னால் அங்கே நிற்க முடியவில்லை.

தம்பி மனைவி ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறாள். நான் அங்கே போனதே இல்லை. காத்திருப்பவர்களுக்கான நாற்காலிகளில் ஒன்றில் உட்கார்ந்தேன். திரைக்கு அந்தப் பக்கம் அவள் குரல் கேட்டுக்கொண்டே இருந்தது. "பேர் சொல்லுங்க. பிறந்த தேதி சொல்லுங்க. கையை மடக்காதீங்க, ஒரு சின்ன குத்துதான்." அடுத்தவர். "பேர் சொல்லுங்க. பிறந்த தேதி சொல்லுங்க." குழாயில் ஒட்டும் சீட்டில் இருப்பதும் அவர்கள் சொல்வதும் ஒத்துப்போனால்தான் ஊசி.

கூட்டம் குறைந்ததும் கையுறையைக் கழற்றிக்கொண்டு வந்தாள். "என்ன அத்தான், சுகர் பாக்கணுமா? சாப்பிட்டு வந்தீங்களா, சாப்பிடாமயா?"

நடந்ததைச் சொன்னேன். அவள் என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். கழற்றிய கையுறையை மடித்து மடித்துப் பிரித்தாள்.

"அவ அழுதுட்டு இருக்கறது இதுக்கா?" என்றாள் கடைசியில். "கணக்கைப் பூட்டினாங்களே, அதுக்குன்னு நெனச்சேன்."

"உண்மையைச் சொல்லிடலாம்னு பாக்கறேன். ஆனா உன்னைக் கேக்காம சொல்ல முடியாது. உன் மானம் சம்பந்தப்பட்டது."

"என் மானமா?" அவள் சிரித்தாள், நல்ல சிரிப்பல்ல. "பதினாறு வருஷத்துல இன்னிக்குத்தான் என்னைக் கேக்கறீங்க அத்தான். அன்னிக்குக் கேக்கல. பேப்பரைக் கொண்டு வந்து காட்டி, தேதி சரியா இருக்கான்னு கேட்டீங்க. நான் பெத்தவ. தேதி சரியா இல்லன்னு எனக்குத் தெரியாதா?"

"நாலு பேர் பேசுவாங்கன்னுதான்..."

"கல்யாணத்தை ஜனவரியிலயே வெச்சுக்கலாம்னு நாங்க சொன்னோம். பெரிய மண்டபம் மே மாசம்தான் காலியா இருக்கு, நம்ம குடும்பத்துக்குச் சின்ன மண்டபம் சரிப்படாதுன்னு சொன்னது யாரு?"

நான்தான். இதை நான் ஒருநாளும் சேர்த்து எண்ணிப் பார்த்ததில்லை.

"ஒரு நாளைக்கு அறுபது பேர்கிட்ட பிறந்த தேதி கேக்கறேன். குடிகாரன்கூட டக்குனு சொல்லிடறான். என் பொண்ணு தேதியை யாராவது கேட்டா மட்டும் நான் ஒரு நிமிஷம் நின்னு யோசிச்சுதான் சொல்றேன். வருஷாவருஷம் நவம்பர் பதினாலுக்கு லீவு போட்டு அவளை ஸ்கூல்லேர்ந்து கூட்டிட்டு வெளிய போவேன். ஏம்மா இன்னிக்குன்னு கேப்பா. சும்மாதான்டின்னு சொல்லுவேன். இந்த வருஷம் லீவு கிடைக்கல." எழுந்தாள். "சொல்லிடலாம். ஆனா நான் சொல்றேன். நீங்க பக்கத்துல இருங்க."

அன்று மாலை அவள்தான் சொன்னாள். சுற்றி வளைக்கவில்லை. "அந்தப் பாப்பா நீதான்டி. நவம்பர் பதினாலு காலையில பொறந்தே. கல்யாணத்துக்கு முன்னாடியே நீ வயித்துல இருந்தே. அது வெளிய தெரியக் கூடாதுன்னு தேதியை மாத்திட்டோம்."

'மாத்திட்டோம்' என்றாள். 'மாத்திட்டார்' என்று சொல்லவில்லை. அதை நான் குறித்துக்கொண்டேன்.

முந்திரி ஒவ்வொருவராக எங்கள் முகத்தைப் பார்த்தாள். "அப்ப யாரும் சாகலையா?"

"இல்லடி."

"ரெண்டு நாளா அழுதேனே!" மேஜையை ஓங்கித் தட்டினாள். "பெரியப்பா! நீங்க தலையைத் தொங்கப் போட்டுட்டு உக்காந்திருந்தீங்களே! வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லியிருக்கணும்."

"அவளுக்கு நான் பேரெல்லாம் யோசிச்சு வெச்சுட்டேன்." மூக்கை உறிஞ்சினாள். பிறகு வேறு ஏதோ தோன்றியது. "இருங்க. அப்ப நான் எட்டு மாசத்துல நடக்கலையா?"

"பன்னண்டு" என்றான் தம்பி.

"மூணு மாசத்துல பல்லு?"

"ஏழு."

"அப்ப நான் சாதாரணக் குழந்தைதானா?" அவளுக்கு அதுதான் பெரிய அடி. "அந்த முந்திரின்னு பேரு?"

"அது உன் குணத்துக்கும் பொருந்துது. இருக்கட்டும்" என்றாள் அவள் அம்மா.

சற்று நேரம் கழித்து அவள் சுவரிலிருந்த நாட்காட்டியைப் பார்த்தாள். நாங்களும் பார்த்தோம். யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவளுக்குப் பதினாறு முடிந்து இரண்டு நாள் ஆகியிருந்தது. இயந்திரம் இரண்டு வாரம் முந்திக்கொண்டாலும் கிட்டத்தட்டச் சரியாகத்தான் சொல்லியிருந்தது. சட்டம் போட்ட கோட்டிலும் தவறில்லை. கோட்டுக்கு அந்தப் பக்கம் நின்றவளை இழுத்து இந்தப் பக்கம் நிறுத்தியது என் கை.

"திருத்த முடியுமா அண்ணா?" என்றான் தம்பி.

"நான் போட்ட கையெழுத்து. நான்தான் திருத்தணும்" என்றேன்.

விசாரித்தேன். இப்போது எந்த ஊர்ப் பதிவு அலுவலகத்திலும் மனு கொடுக்கலாம். திருத்தம் வர நான்கு மாதமாவது ஆகும். ஆனால் மனு ஏற்ற ரசீதை அனுப்பினால், முடிவு தெரியும்வரை கணக்கை அழிக்கக் கூடாது என்று சட்டத்திலேயே ஒரு பிரிவு இருக்கிறது. தேவையானவை: தகவல் கொடுத்தவரின் வாக்குமூலம், பெற்றோர் கையெழுத்து, அந்தக் காலத்துப் படம் ஏதாவது, வீட்டுக்கு வெளியே இருந்து ஒரு சாட்சி.

வெளிச் சாட்சி என்றால் அக்காதான். எழுபத்தாறு வயது, மூன்று தெரு தள்ளி இருக்கிறாள். இந்த உலகத்தில் நான் யாரிடம் இதை மறைக்க நினைத்தேனோ, அவளிடமே போய் நின்றேன்.

கல்யாணத்துக்கு முன்னால் என்பதைக் கேட்டதும் முகம் சுளிப்பாள், நாலு கேள்வி கேட்பாள் என்று தயாராகப் போயிருந்தேன். அவள் அதைக் காதிலேயே வாங்கவில்லை.

"அப்ப எட்டு மாசத்துல நடந்தது பொய்யா?"

"பொய்தான் அக்கா."

"அடப்பாவி! ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரிஞ்சேனேடா! எதுத்த வீட்டுக்காரி பேரன் பதிமூணு மாசத்துல நடந்தான்னு, ‘உங்க பையன் கொஞ்சம் மந்தமோ’ன்னு கேட்டேன்டா! அவ அன்னிக்குப் பேச்சை நிறுத்தினவ, இன்னும் பேசல!"

"என் தப்புதான்."

"உன் தப்பாம். பல்லைப் பாத்து அன்னிக்கே கேட்டேன். வம்சம்னு சொன்னே. நானும் அதே வம்சம்தானே, எனக்கு எப்பப் பல்லு முளைச்சுதுன்னு ஒரு நிமிஷம் யோசிக்கலையே!" தலையில் அடித்துக்கொண்டாள். பிறகு பேனாவை வாங்கினாள். "எங்க போடணும்?"

"பொறந்த தேதிக்கு நீ சாட்சி சொல்ல முடியாது. உனக்குத் தெரியாது. தெரிஞ்சதை மட்டும் எழுது."

"இப்பத்தான் சட்டம் பேசறான் பாரு, வெக்கங்கெட்டவன்" என்றாள். ஆனால் நான் சொன்னபடியே எழுதினாள். ஜூன் இருபத்தைந்தாம் தேதி குழந்தையைத் தன் மடியில் வாங்கியபோது அதற்குக் கீழ்வரிசையில் இரண்டு பற்கள் இருந்தன. அது பிடிப்பில்லாமல் உட்கார்ந்தது. கையெழுத்தின் கீழே, கேட்காமலே, 'சத்தியம்' என்றும் சேர்த்தாள்.

பதிவு அலுவலகத்துக்கு நாங்கள் நால்வரும் போனோம். நீளமான கூடம். வரிசையாகக் கண்ணாடித் தடுப்புகள், ஒவ்வொன்றின் பின்னாலும் ஒரு கணினி. எண் போட்ட சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு நாற்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். எங்கள் எண் வந்ததும் கண்ணாடிக்குப் பின்னால் இருந்த எழுத்தர் மனுவைப் புரட்டினாள். முப்பது வயது இருக்கும். மரியாதையான பெண்.

"எல்லாம் சரியா இருக்கு ஐயா. காரணம்னு ஒரு கட்டம் இருக்கு, அதைக் காலியா விட்டிருக்கீங்க. ‘எழுத்துப் பிழை’ன்னு போட்டுக்கறேன்."

"எழுத்துப் பிழை இல்லம்மா."

"எல்லாரும் அதைத்தான் போடுவாங்க. சீக்கிரம் முடிஞ்சிடும்."

"பிழைன்னா யார் பிழை? அன்னிக்கு உங்க மாதிரி ஒருத்தர் நாற்காலியில உக்காந்து எழுதினார். நான் சொன்னதை ஒரு புள்ளி மாறாம எழுதினார். இந்தப் பொய்யை அவர் தலையில கட்டச் சொல்றீங்களா?"

அவள் குரலைத் தாழ்த்தினாள். "ஐயா, தெரிஞ்சே தப்பான தகவல் குடுத்தேன்னு எழுதினா உங்க பேர்ல நோட்டீஸ் வரும். விசாரணைக்கு வரணும். இந்த வயசுல எதுக்கு?"

தம்பி என் சட்டைக் கையைப் பிடித்தான். "அண்ணா, அவங்க சொல்ற மாதிரியே போட்டுடலாமே."

எனக்குக் கோபம் வந்தது. இந்தக் குடும்பத்தின் பெயருக்காக ஒரு பொய் சொன்னவன், அந்தப் பொய்யை இன்னொருவன் கைக்குத் தள்ளிவிட்டு நழுவினான் என்று இருக்கக் கூடாது. அதற்கு என் முதுகு வளையாது. பேனாவைக் கேட்டு வாங்கி, காரணம் என்ற கட்டத்தில் என் கையாலேயே எழுதினேன்: 'பிறந்த தேதி நவம்பர் பதினான்கு என்று எனக்குத் தெரியும். தெரிந்தே மார்ச் இருபத்திரண்டு என்று சொன்னேன். எழுதியவர் மீது தவறில்லை. குழந்தையின் பெற்றோர் என்னைக் கேட்டுக்கொள்ளவில்லை.'

கடைசி வரியைத் தம்பி படித்துவிட்டு என்னைப் பார்த்தான். நான் பார்க்கவில்லை.

"இதை வாய்விட்டு வாசிக்கணும் ஐயா, நான் சரிபார்க்கணும். விதி" என்றாள் எழுத்தர். "மெதுவா வாசிச்சாப் போதும்."

மெதுவாக வாசிப்பது எனக்கு வராது. முப்பத்து நான்கு வருடம் சந்தையில் சத்தம்போட்டுப் பழகிய குரல். எனக்குப் பின்னால் நாற்காலிகளில் பேச்சு நின்றது. யாரோ ஒருவர் செருமினார். முழுவதையும் வாசித்தேன். காது சுட்டது. தம்பி மனைவி என் பக்கத்தில் நேராக நின்றிருந்தாள், தலை குனியவில்லை. நான் முடித்ததும் அவள் முன்னால் வந்து தன் கையெழுத்தைப் போட்டாள். அடுத்துத் தம்பி.

முந்திரி கண்ணாடிப் பக்கம் குனிந்தாள். "அக்கா, அப்ப இன்னிக்கு எனக்கு வயசு என்ன?"

எழுத்தர் திரையைப் பார்த்தாள், தாளைப் பார்த்தாள். "கம்ப்யூட்டர்ல பதினஞ்சு. இதுல பதினாறு. தீர்ப்பு வர்றவரைக்கும் வீட்டுல என்ன சொல்றாங்களோ அதுதான்."

ரசீது வந்தது. முந்திரி அங்கேயே நின்று அதைப் படமெடுத்து வலைத்தளத்துக்கு அனுப்பினாள். பதில் வரும்வரை நகர மாட்டேன் என்று தூண் ஓரமாக நின்றுகொண்டாள். கால்மணி நேரம் ஆனது. பிறகு போன் ஒலித்தது. விசாரணை முடியும்வரை கணக்கில் உள்ள எதுவும் அழிக்கப்படாது. அதுவரை பூட்டியே இருக்கும். படித்துவிட்டு, தரையிலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

"இன்னும் நாலு மாசம் பூட்டிதான்" என்றாள் என்னைப் பார்த்து. நன்றி என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்குப் பொறுத்திருக்காது.

"இருக்கட்டும். எழுந்திரு, தரை அழுக்கு" என்றேன்.

நோட்டீஸ் மூன்று வாரத்தில் என் பெயருக்கு வந்தது. தபால்காரரிடம் கையெழுத்துப் போட்டு வாங்கி, பிரிக்காமல் மேலே கொண்டுபோய்ச் சாப்பாட்டு மேஜைமேல் வைத்தேன். அக்காவையும் வரச் சொல்லியிருந்தேன். எல்லோரும் உட்கார்ந்த பிறகு, உறையைப் பிரித்து வாய்விட்டுப் படிக்கும்படி முந்திரியிடம் சொன்னேன்.